மகளின் மூச்சை எண்ணிய இரவு

மதரஸாவில் அரபு இலக்கணம் கற்பிக்கும்போது வேர்ச்சொற்களை விரித்துக் காட்டுவது என் வழக்கம். ரா, பா, வாவ் என்னும் மூன்று எழுத்துகளை எடுத்துக்கொண்டால், மேட்டு நிலத்தைக் குறிக்கும் ‘ரப்வா’ அவற்றிலிருந்து பிறக்கும். வட்டியைக் குறிக்கும் ‘ரிபா’வும் பிறக்கும். மிகுதல், உயர்தல் என்பதே இரண்டுக்கும் அடிப்படைப் பொருள். அதே வேரிலிருந்து ‘ரப்வு’ என்று இன்னொரு சொல்லும் உண்டு. நெஞ்சு மேலெழும்பி மேலெழும்பித் தாழும் இளைப்பு நோய்க்கு அரபு மருத்துவர்கள் இட்ட பெயர் அது. பல ஆண்டுகளாக அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி அழித்திருக்கிறேன். அதன் பொருளை நான் உண்மையில் உணர்ந்தது 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், என் இளைய மகளின் படுக்கையருகே.

நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்று, பின்னர் ஓதிக் கொடுக்கும் பணிக்கு வந்தவன். ஆகவே இது மருத்துவக் கட்டுரை அன்று. ஒரு தகப்பன் தன் அறியாமையாலும் வீண் கூச்சத்தாலும் தன் குழந்தையை எந்த விளிம்பு வரை கொண்டு சென்றான் என்பதையும், அதன் பிறகு கேட்டும் படித்தும் அவன் அறிந்துகொண்டதையும் ஒளிவு மறைவின்றி எழுதுகிறேன். பிள்ளை பெற்றவர்களுக்கு இது பயன்படுமானால் அதுவே போதும்.

என் மகளுக்கு மூன்று வயதில் இளைப்புத் தொடங்கியது. மழை வந்தால், தூசு எழுந்தால், வீட்டில் சாம்பிராணி போட்டால், இரவில் மூச்சு சீழ்க்கை அடிப்பதுபோல் ஒலிக்கும். குழந்தை மருத்துவர் ஆஸ்துமா என்று கூறி இரண்டு இன்ஹேலர்களை எழுதிக் கொடுத்தார். ஒன்று, மூச்சு முட்டும்போது குழாய்களை உடனே தளர்த்துவதற்கான நீல நிற மருந்து. மற்றொன்று, முட்டினாலும் முட்டாவிட்டாலும் நாள்தோறும் உறிஞ்ச வேண்டிய தடுப்பு மருந்து; மிகக் குறைந்த அளவு ஸ்டீராய்டு சேர்ந்தது. ஸ்பேசர் என்னும் குழலைப் பொருத்தி உறிஞ்சச் செய்யும் முறையையும் அவரே காட்டித் தந்தார்.

நான்கு மாதங்கள் ஒழுங்காகக் கொடுத்தோம். இளைப்பு அறவே நின்றது. அப்போதுதான் எங்கள் அறிவு வேலை செய்யத் தொடங்கியது. “பழகிவிட்டால் சாகும்வரை விடாது” என்றார் ஒருவர். “பெண் பிள்ளை, ஈளை நோய் என்று வெளியே தெரிந்தால் நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் யோசிப்பார்கள்” என்றார் நெருங்கிய உறவினர் ஒருவர். நான்கு வயதுகூட நிரம்பாத குழந்தைக்கு வரப்போகும் மாப்பிள்ளையை எண்ணி, அவளுடைய இன்றைய மூச்சை நான் பணயம் வைத்தேன். தடுப்பு மருந்தை நிறுத்தினேன். விருந்தினர் வந்தால் நீல இன்ஹேலரையும் அலமாரிக்குள் மறைத்து வைத்தேன். யாரேனும் கேட்டால் “சாதாரணச் சளி” என்று சொன்னேன். என் துணைவியார் இதை விரும்பவில்லை. ஆயினும் என் சொல்லை மீறவில்லை.

அந்த டிசம்பரில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அவளுக்கு முதலில் மூக்கொழுகல் வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறியது; இருமல் கூடியது. வழக்கமான இளைப்புதான் என்று எண்ணி நீல மருந்தைக் கொடுத்தேன். சிறிது தணிந்ததுபோல் இருந்து மீண்டும் மூச்சு வாங்கியது. மறுநாள் வலப்பக்க வயிறு வலிக்கிறதென்று அழுதாள். உண்டதை வாந்தி எடுத்தாள். அஜீரணம் என்று நினைத்து ஓம நீர் கொடுத்தோம். அன்று இரவு நான் தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். அவள் நெஞ்சில் ஓதி ஊதினேன். பின்னர், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் படுக்கப் போனேன்.

நள்ளிரவைக் கடந்து என் துணைவியார் என்னை எழுப்பினார். “என்னங்க, இது எப்போதும் வர்ற இளைப்பு மாதிரி இல்லைங்க. விலா எலும்புக்குக் கீழே குழி விழுது பாருங்க. ஒரு நிமிஷம் கடிகாரத்தை வச்சு எண்ணுங்க” என்றார். தடுப்பூசி போடும் செவிலியர், தாய்மார்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. கூட்டத்தில் இருந்தவர் அவர். மார்க்கம் கற்ற நான் அதைக் கேட்டவன் அல்லன்.

கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஒரு நிமிடத்தில் ஐம்பத்தெட்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, ஒரு வயது நிரம்பிய பின், அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு நாற்பது அல்லது அதற்கு மேல் மூச்சு ஓடினால் அது நிமோனியாவின் எச்சரிக்கை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள பிள்ளைக்கு அந்த எண் ஐம்பது. இரண்டு மாதத்துக்கும் குறைந்த பச்சிளங் குழந்தைக்கு அறுபது. “வாப்பா” என்று அழைத்தவளால் அடுத்த சொல்லைச் சொல்ல முடியவில்லை. மூக்குத் துளைகள் விரிந்து விரிந்து சுருங்கின. பக்கத்து வீட்டு ஆட்டோவை எழுப்பிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினோம்.

விரலில் மாட்டிய கருவி இரத்தத்தில் ஆக்ஸிஜன் எண்பத்தெட்டு விழுக்காடு என்று காட்டியது. உடனே ஆக்ஸிஜன் வைத்தார்கள். எக்ஸ்ரே படத்தில் வலப்பக்க நுரையீரலின் அடிப்பகுதி கருமையாக இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்திருந்தது. வயிற்று வலியின் மறைபொருள் அப்போதுதான் விளங்கியது. நுரையீரலின் அடிப்பாகத்தில் வரும் அழற்சி குழந்தைகளுக்கு வயிற்று வலியாகவே தோன்றக்கூடும் என்றார் பணியிலிருந்த மருத்துவ அம்மையார். இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தன, சி.ஆர்.பி. என்னும் அளவும் பன்மடங்கு உயர்ந்திருந்தது. “இது எந்தக் கிருமி என்று குழந்தைகளிடம் பெரும்பாலும் உறுதியாகக் கண்டுபிடிக்க இயலாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது பாக்டீரியா நிமோனியா. அதற்கு மேல் ஆஸ்துமாவும் கிளம்பியிருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் செய்ய வேண்டும்” என்றார். நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏறியது. மூச்சுக் குழாய்களைத் தளர்த்தும் மருந்தும் புகையாகச் சென்றது.

“தடுப்பு மருந்து நாள்தோறும் கொடுக்கிறீர்களா?” என்று அவர் கேட்டார். நான் தலை குனிந்தேன். என் துணைவியார், “நிறுத்திட்டோம் டாக்டர்” என்றார். ‘இவர் நிறுத்திவிட்டார்’ என்று அவர் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில் அவர் என்னைக் காப்பாற்றினார். நான் அவளைக் காப்பாற்றத் தவறியிருந்தேன்.

ஏழு நாட்கள் மருத்துவமனையில் இருந்தோம். அல்ஹம்துலில்லாஹ், குழந்தை பிழைத்தாள். அந்நாட்களிலும் அதன் பின்னரும் என்னை ஒரு கேள்வி துளைத்துக்கொண்டிருந்தது. ஆஸ்துமா என்பது உடலின் எதிர்ப்பு ஆற்றல் அளவு மீறிப் பொங்குவது என்கிறார்கள். எதிர்ப்பு மிகுந்த உடலில் கிருமி எளிதில் நுழைவானேன்? மருத்துவ அம்மையாரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். சில நூல்களையும் தேடிப் படித்தேன். நான் விளங்கிக்கொண்டதை எளிய தமிழில் தருகிறேன்.

நம் உடலின் காவற்படை ஒரே வகையானது அன்று. பாக்டீரியாவை எதிர்க்க ஒரு பிரிவு உண்டு. நுரையீரலின் காற்றறைகளில் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்கள் ரோந்து சுற்றுகின்றன. கிருமி நுழைந்தால் அவை அதை விழுங்க முயல்கின்றன; தம்மால் இயலாதபோது இரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களைத் துணைக்கு அழைக்கின்றன. எக்ஸ்ரேயில் நாங்கள் கண்ட வெண்மை, அப்படிக் காற்றறைகளில் திரண்ட அணுக்களும் நீரும்தான். இப்படி உயிரணுக்கள் கிருமியை விழுங்குவதன் உண்மையை 1882இல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில் ஆராய்ந்து உணர்ந்தவர் ருஷ்ய அறிஞர் மெச்னிகாஃப். அதற்காக 1908இல் நோபல் பரிசு பெற்றார்.

நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் முதன்மையானது நியூமோகாக்கஸ். 1881இல் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியே அதைக் கண்டு எழுதினார்கள். நலமுள்ள பிள்ளைகள் பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் அது எத்தீங்கும் செய்யாமல் குடியிருக்கிறது. அதன் மேல் வழுக்கும் உறையொன்று உண்டு. அவ்வுறையில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அந்த வழுக்கலால் விழுங்கணுவின் பிடிக்கு அது எளிதில் சிக்காது. எதிர்ப்புப் புரதங்கள் அதன் மேல் படிந்தால்தான் பிடி கிடைக்கும். இவ்வாறு படியும் பொருளுக்கு 1903இல் ஆம்ரோத் ரைட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் ‘ஆப்சோனின்’ என்று பெயரிட்டார். உணவைச் சமைத்து ஆயத்தமாக்குதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. வேர்ச்சொல் பித்தனாகிய எனக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று.

காவற்படையின் வேறொரு பிரிவு புழுக்கள் முதலியவற்றை எதிர்ப்பதற்கு உரியது. ஆஸ்துமா உள்ள குழந்தைகள் பலரிடம் இப்பிரிவுதான் தூசுக்கும் புகைக்கும் பூந்தாதுக்கும் தேவையின்றிக் கிளர்ந்தெழுகிறது. ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்புப் பொருள் அதன் ஆயுதம். 1966இல் ஜப்பானிய அறிவியல் தம்பதியரான இஷிஸாகா இருவரும் அமெரிக்காவில் அதை இனங்கண்டனர். ஈசினோஃபில் என்னும் வெள்ளணு அதன் படைவீரன். நம் ஊர்களில் பெரியவர்கள் “ஈசினோபீலியா” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இவ்வணு மிகுவதே அது. இவை பெருகப் பெருக மூச்சுக் குழாயின் உட்சுவர் வீங்கும், சளி மிகும், தசை இறுகும். ‘ரப்வு’ என்ற சொல்லின் வேரிலிருக்கும் மிகுதி இதுவும்தான் என்று எனக்குப் பட்டது.

இங்கேதான் என் கேள்விக்கு விடை இருந்தது. இந்த இரண்டாம் பிரிவு ஓங்கியிருக்கும்போது, அது வெளியிடும் வேதிச் செய்திகள் பாக்டீரியாவை எதிர்க்கும் முதற்பிரிவைத் தணித்துவிடக் கூடும். கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா உடைய குழந்தைகளின் நுரையீரலிலிருந்து எடுத்த மேக்ரோஃபேஜ்களுக்குக் கிருமியை விழுங்கும் திறன் குறைந்திருந்ததாக 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கட்டியான சளி குழாயை அடைக்கும்போது, கிருமிகளைப் பெருக்கி வெளியேற்றும் நுண்மயிர்களின் வேலையும் தடைப்படுகிறது. போதாக்குறைக்கு, சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ் முதலில் வந்து உட்சுவரைப் புண்ணாக்கி வழியைத் திறந்து வைக்கிறது. தெருவில் போகும் பூனைக்கெல்லாம் ஊரைக் கூட்டும் காவலாளி, கள்வன் வந்த இரவில் கவனம் சிதறி நிற்பதைப் போன்றது இது.

இது வெறும் ஊகம் அன்று. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், 2 வயது முதல் 49 வயது வரை உள்ளவர்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். நியூமோகாக்கஸ் இரத்தம் வரை பரவும் கடுநோய், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மற்றவர்களைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் நேரும் வாய்ப்பிருப்பதாக அது கூறியது. அதற்காக ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கெல்லாம் நிமோனியா வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை, பெரும்பாலோருக்கு வருவதில்லை. ஆனால் கவனம் வேண்டும்.

தடுப்பு இன்ஹேலரைப் பற்றி எனக்கிருந்த அச்சத்தையும் அம்மையார் போக்கினார். அதிலுள்ள ஸ்டீராய்டு, பொங்கி நிற்கும் இரண்டாம் பிரிவை அமர்த்துகிறது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தாயிற்றே, அதனால் நிமோனியா வாராதா என்று கேட்டேன். வேறுவகை நுரையீரல் நோயுள்ள முதியவர்களிடம் அந்த ஐயத்துக்கு இடமுண்டு என்றும், ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது நிமோனியா மிகுந்ததாகத் தெரியவில்லை என்றும் விளக்கினார். “நீங்கள் மருந்தை நிறுத்தியதால்தான் இது வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் குழாய் வீங்கியிருந்த நேரத்தில் கிருமி வந்ததால் குழந்தை இரட்டைச் சுமை சுமந்தாள்” என்றார். அவர் கடிந்து பேசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திராது.

அவள் இரத்தத்தில் உயர்ந்திருந்த சி.ஆர்.பி. பற்றியும் ஒரு செய்தி. 1930இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்னும் இருவர், நியூமோகாக்கஸ் நிமோனியா கண்ட நோயாளிகளின் இரத்தத்தில்தான் அந்தப் புரதத்தின் செயலை முதன்முதலாகக் கண்டார்கள். இன்று எத்தனையோ நோய்களுக்குப் பார்க்கப்படும் சோதனை, என் மகளைப் பீடித்த அதே வகை நோயில் பிறந்தது.

வரலாறு படித்தவன் என்பதால் பின்னோக்கியும் பார்த்தேன். வசந்த காலத்தில் ரோஜா மணத்தால் அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞருக்கு மூக்கொழுகல் ஏற்படுவது ஏன் என்று, 925இல் மறைந்த அர்ராஸீ ஒரு தனி நூலே எழுதினார். ஒவ்வாமையைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் அதுவும் ஒன்று. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில், கெய்ரோவில் ஐயூபிய அரசவை மருத்துவராயிருந்த மூஸா இப்னு மைமூன் என்னும் யூத அறிஞர், இளைப்பு நோயால் வருந்திய அரச குடும்பத்தவர் ஒருவருக்காக ‘ரப்வு’ பற்றி அரபு மொழியில் நூல் இயற்றினார். உணவில் அளவையும் தூய காற்றையும் அதில் வலியுறுத்தினார். அரச குடும்பத்தவர் ஒருவர் தம் இளைப்பை மருத்துவரிடம் மறைக்கவில்லை. ஒரு மதரஸா ஆசிரியன் தன் மகளின் இளைப்பை விருந்தினரிடம் மறைத்தான்.

தடுப்பூசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நியூமோகாக்கஸுக்கு எதிரான பி.சி.வி. தடுப்பூசி 2017இல் நம் நாட்டில் சில மாநிலங்களில் அரசின் இலவசத் திட்டத்தில் சேர்ந்து, 2021இல் நாடு முழுவதற்கும் விரிவாயிற்று. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று மூன்று முறை போடப்படுகிறது. கிருமியின் உறையை அடையாளம் காண உடலுக்கு அது முன்கூட்டியே கற்பிக்கிறது. 2020இல் பிறந்த என் மகளுக்கு அந்த வயதில் அது இலவசமாகக் கிடைக்கவில்லை; தனியாரிடம் பணம் கொடுத்துப் போடலாம் என்பதையும் நான் அறிந்திருக்கவில்லை. எல்லா வகை நியூமோகாக்கஸையும், எல்லா நிமோனியாவையும் அது தடுப்பதில்லை. ஆயினும் இன்று பிறக்கும் குழந்தைக்கு அரசே வாசலில் கொண்டுவந்து தரும் காப்பை மறுப்பது பெரும் அநியாயம்.

இப்போது எங்கள் வீட்டில் சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திச் சுருளும் இல்லை. என் வகுப்பில் சுண்ணக்கட்டித் தூசு பறக்கும் பலகையை ஈரத்துணியால் துடைக்கிறோம். தடுப்பு இன்ஹேலர் அலமாரியிலிருந்து வெளியே வந்து, கூடத்து மேசையில் கடிகாரத்தின் அருகே இருக்கிறது. விருந்தினர் முன்னிலையிலேயே அவள் உறிஞ்சுகிறாள். உறிஞ்சியபின் வாய் கொப்பளிக்கிறாள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் சொற்படிதான். என் இஷ்டப்படி அன்று.

மற்றொரு மாற்றமும் உண்டு. மக்ரிப் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓதிப் பார்க்க வந்து நிற்பார்கள். முன்பெல்லாம் ஓதி ஊதி அனுப்பிவிடுவேன். இப்போது பிள்ளையின் சட்டையை விலக்கச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுகிறேன். எண்ணிக்கை மிகுந்திருந்தாலோ, நெஞ்சின் அடிப்புறம் உள்வாங்கினாலோ, பிள்ளை பாலோ தண்ணீரோ குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்திருந்தாலோ, நீல மருந்து கொடுத்தும் இளைப்புத் தணியாவிட்டாலோ, “முதலில் மருத்துவமனைக்குப் போங்கள் தாயே, நான் இங்கிருந்து துஆச் செய்கிறேன்” என்று சொல்லி அனுப்புகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஹஜ்ரத்துக்கு நம்பிக்கை குறைந்துவிட்டதென்று ஒருவர் சொன்னாராம். நம்பிக்கை குறையவில்லை. நான் கேட்கும் துஆவுக்கும், அந்த மருத்துவ அம்மையாரின் கையிலிருந்த ஊசிக்கும் பகையில்லை என்பதைத்தான் அந்த இரவில் கற்றுக்கொண்டேன்.

சென்ற வாரம் என் மகள் என் பக்கத்தில் அமர்ந்து, நான் அயர்ந்திருந்த வேளையில் என் நெஞ்சையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். “உங்க மூச்சை எண்ணுறேன் வாப்பா. பதினாறு. சரியா?” என்றாள். சரிதான் என்றேன். இந்த இதழை வாசிக்கும் ஒவ்வொரு வாப்பாவும் உம்மாவும் இன்றிரவு உறங்கும் தம் பிள்ளையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். நலமாயிருக்கும்போது அது எத்தனை என்று தெரிந்தால்தான், நோய் வரும்போது மிகுதி எதுவென்று தெரியும்.